நீலச் சீட்டு எலிகள்

ஆய்வுக்கூடத்தில் என்னைக் கோபக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பத்தொன்பது வருடமாக எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன். என் கையில் ஓர் எலிகூடக் கூண்டு மாறிப் போனதில்லை, ஒன்றுகூடத் தண்ணீர் இல்லாமல் செத்ததில்லை. என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளக் கூடாது என்றால் வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். அவ்வளவு கறாரான நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன். கறாராக இருந்ததால்தான் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் எலி அறைகள் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கின்றன. ஜன்னல் கிடையாது. விளக்கு தானாக எரியும், தானாக அணையும். சுவர் முழுக்க அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் மரத்தூள், தண்ணீர்ப் புட்டி, நாலு சுண்டெலிகள். அந்த வருடம் எங்களுக்கு வந்த வேலை ஒரு புது மருந்தைச் சோதிப்பது. எலிக்கு முதலில் மருந்தைப் போட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மூளையை முறுக்கிவிடுகிற ஓர் ஊசியைப் போட்டுப் பெரிய பெட்டியில் விட வேண்டும். மருந்து வேலை செய்யாவிட்டால் எலி பேய் பிடித்த மாதிரி சுற்றிச் சுற்றி ஓடும். வேலை செய்தால் ஓட்டம் குறையும். எத்தனை சுற்று ஓடியது என்பதை மேலே இருக்கிற கேமரா எண்ணிக்கொள்ளும். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எலி எப்படி இருந்தது என்று ஒரே சொல்லில் எழுத வேண்டியது எங்கள் பொறுப்பு. 'ஓட்டம்' அல்லது 'அமைதி'.

இந்த வேலைக்குத் தலைவி எங்கள் மேடம். அறிவாளி, ஆனால் அதை நம் தலையில் கொண்டுவந்து கொட்டாதவர். முதல் நாள் டீ குடிக்கும்போது எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார்.

"மூளையில டோபமைன்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. அதுகூடவே அதே ஜாதியில சிலது துளியூண்டு துளியூண்டு இருக்கு. டிரேஸ் அமீன்னு பேரு. ரொம்ப நாளா அத யாரும் மதிக்கல. சமையல்ல சிந்துனதுன்னு தொடச்சுப் போட்டாங்க. அப்புறம் பாத்தா, அதுக்குன்னே நரம்பு செல்லுல ஒரு ஏற்பி, அதான் ரிசப்டர், இருக்கு. டோபமைன் எல்லை மீறிப் போறப்ப, மெதுவான்னு புடிச்சு நிறுத்துற ஏற்பி. நம்ம மருந்து அதத்தான் போய்த் தட்டுது."

"அந்த ஏற்பி ஒண்ணுதானா மேடம்?"

"மூளையில முக்கியமானது ஒண்ணு. அதே குடும்பத்துல மிச்சமெல்லாம் மூக்குல இருக்கு. எலிக்கு மொத்தம் பதினஞ்சு, நமக்கு ஆறு. மாமிசம் திங்கிற மிருகத்தோட மூத்திரத்துல ஒரு டிரேஸ் அமீன் நெறைய இருக்கும். எலி அத மோந்தா ஒடுங்கிப் போயிடும். அதே பொருள்தான் நம்ம மூளைக்குள்ளயும் துளியூண்டு இருக்கு. வேடிக்கையா இல்ல?"

வேடிக்கையாகத்தான் இருந்தது. கேட்டேன், டீயை முடித்தேன், மறந்துவிட்டேன்.

எனக்கு அந்த மருந்தில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் தம்பி. பூட்டு ரிப்பேர்காரன். சாவி தொலைந்து போன வீட்டுக்கு இவன் போனால், வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் கதவு திறந்துவிடும். நாலு வருடத்துக்கு முன் ஒரு மதியம், கடையில் இருந்த அத்தனை பூட்டையும் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். "பூட்டுக்குள்ள பேசிக்கிறாங்கக்கா. என்னப் பத்தித்தான்" என்றான். அன்றிலிருந்து என்னோடு இருக்கிறான். மாத்திரை போட்டதும் குரல்கள் பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்கு அடங்கின. ஆனால் கை நடுங்க ஆரம்பித்தது, உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகிப்போனது. பின்னறையில் மேசையோடு பொருத்திய அவனுடைய இடுக்கியும் அரங்களும் இருக்கின்றன. ஒருநாள் ஒரு சாவிக்குப் பல் வெட்ட உட்கார்ந்தான். அரம் வழுக்கிக் கட்டை விரலைக் கிழித்தது. மறுநாள் இடுக்கிமேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடிவிட்டான்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவனை மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போவேன். டாக்டர் என்னைப் பார்த்து, "எப்படி இருக்கார்?" என்பார். "அமைதியா இருக்கான் டாக்டர்" என்பேன். எழுதிக்கொள்வார். அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

புது மருந்தைப் பற்றி அவனிடம் நான் சொன்னபோது அவன் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது.

"இப்ப நீ போடுற மாத்திர டோபமைனோட பூட்டுலயே போய் அடச்சுக்குது. அதனாலதான் கையும் கெட்டுப்போகுது. புதுசு அந்தப் பூட்டத் தொடவே தொடாது. பக்கத்துல வேற ஒரு சின்னப் பூட்டு இருக்காம், அதத் தொறந்தா தானா எல்லாம் அடங்குமாம்."

"இத்தன நாளா சாவித்துவாரத்துல பசைய ஊத்திட்டு இருந்தாங்களா? அது பூட்டுக்காரன் பண்ற வேல இல்லையேக்கா" என்றான்.

அவன் டாக்டரே அந்த மருந்தை முப்பது நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் குழுவில் இருந்தார். ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, ஆபத்தில்லை என்று தெரிந்துவிட்டது. எங்கள் எலி அறிக்கை நன்றாக வந்தால் அடுத்த மாதமே ஆரம்பம். தம்பியின் பெயர் பட்டியலில் பத்தொன்பதாவது. சம்மதப் படிவத்தில், நடுங்கும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அந்தத் துண்டு இடுக்கியிலிருந்து விலக வேண்டும்.

இனி என் தப்புக்கு வருகிறேன். அது மூன்று பகுதியாக இருந்தது.

என்னோடு வேலை செய்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், தங்கமான மனிதர். ஆனால் ஒரு கூண்டின் மூடியை மூடும் முன்பே அடுத்ததைத் திறந்துவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் எலியைப் பக்கத்துக் கூண்டில் போட்டு, நாலு வார வேலையைக் குட்டிச்சுவராக்கினார். இந்தச் சோதனையில் பாதிக் கூண்டுகளுக்கு நீலச் சீட்டு, பாதிக்கு மஞ்சள் சீட்டு. எதற்கு மருந்து, எதற்கு வெறும் உப்புத் தண்ணீர் என்று எங்களுக்குத் தெரியாது. ஊசிகள் நிறம் ஒட்டி மேலிருந்து வரும். மேடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ரெண்டு பேரும் நெறத்த மாத்தி மாத்தி எடுங்க. இன்னைக்கு நீங்க நீலம்னா நாளைக்கு அவர் நீலம்." நான் தலையாட்டினேன். வராந்தாவுக்கு வந்ததும் அவசரத்தைப் பிடித்தேன்.

"அண்ணே, மாத்தி மாத்தி எடுத்தா நீங்க கண்டிப்பா கலந்துருவீங்க. நீலம் பூரா என்னுது, இடது ரூம்ல. மஞ்சள் பூரா உங்களுது, வலது ரூம்ல."

"மேடம் கேட்டா என்னம்மா சொல்றது?"

"மேடம் கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீங்க மொதல்ல மூடிய மூடுங்க."

அவர் பாவம், மூடியை மூடினார்.

முதல் சுற்று முடிந்தது. நீலத்துக்கும் மஞ்சளுக்கும் சின்ன வித்தியாசம்தான். மேடம் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாம் சுற்று பெரியதாக, அதிக எலிகளோடு என்று முடிவாயிற்று. அதற்குள் எங்கள் வீட்டுக்கு ஒரு பூனை வந்து சேர்ந்தது. மழைக்காலம், பின்வாசலில் வந்து உட்கார்ந்தது. தம்பி ஒரு தட்டில் பாலை வைத்தான். மறுநாளிலிருந்து அது வீட்டின் எல்லா அறைக்கும் போய், எல்லாவற்றையும் முறைத்துப் பார்த்து, ஒன்றும் பிடிக்காதது மாதிரி திரும்பி வரும். அதனால் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தான். நாலு வருடத்தில் அவன் ஒன்றுக்குப் பெயர் வைத்தது அதுதான் முதல் தடவை. அவன் மடியில் அது சுருண்டு கிடக்கும்போது கை நடுக்கம்கூட லேசாகக் குறைந்த மாதிரி எனக்குத் தெரியும்.

எலி அறை வாசலில் ஒரு பலகை உண்டு. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் எழுதிக் கொடுக்கவில்லை. நாங்கள் எங்கே வளர்க்கிறோம்? அதுவாக வருகிறது, அதுவாகச் சாப்பிடுகிறது, அதுவாக என் கட்டிலில் ஏறித் தூங்குகிறது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதிக் கொடுத்தால் என்னைச் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் அவசரம் தனியாகக் கலக்கித் தள்ளுவார் என்பதுதான் உண்மையான காரணம்.

தப்பின் மூன்றாவது பகுதி என் வெள்ளைக் கோட்டு. ஆய்வுக்கூடத்துச் சலவையிலிருந்து வருகிற கோட்டில் சோப்பு வாசனை தூக்கலாக இருக்கும். எலிக்கு அது ஆகாது என்று நானே கண்டுபிடித்து, நானே அனுமதி வாங்கி, பல வருடமாக வாசனையில்லாத சோப்பில் வீட்டிலேயே துவைக்கிறேன். தம்பி இஸ்திரி போட்டு மடித்துப் பின்வாசல் கூடையில் வைப்பான். இஸ்திரிப் பெட்டி கனமானது, கையை அதிகம் ஆட விடாது. அதனால் அந்த ஒரு வேலை அவனுடையதாக இருந்தது.

இரண்டாம் சுற்றில் நீலச் சீட்டு எலிகள் அப்படியே அடங்கிப்போயின. மஞ்சள் எலிகள் பெட்டியில் பறந்தன, நீலம் மூலையில் உட்கார்ந்தது. நாள்தோறும் 'அமைதி', 'அமைதி' என்று எழுதினேன். நீலப் பெட்டியில் புழுக்கை அதிகமாகக் கிடந்தது. அதையும் பார்த்தேன். துடைத்துப் போட்டேன். நீலத்தில்தான் மருந்து என்று மேலே ரகசிய உறையைப் பிரித்துப் பார்த்தவுடன் மேடம் கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் விடாமல் குலுக்கினேன்.

அடுத்த வாரம் கடைசிச் சோதனை. பிறவியிலேயே மூளையில் அந்த ஏற்பி இல்லாத எலிகள் எங்களிடம் உண்டு. அவற்றை 'இல்லாதவங்க' என்போம். ஏற்பியே இல்லையென்றால் மருந்து தட்டுவதற்கு இடமில்லை. ஆகவே அவை எப்போதும் போல ஓட வேண்டும். ஓடினால்தான் மருந்து அந்த ஏற்பி வழியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் நீலச் சீட்டு ஒட்டிய இல்லாதவங்களும் மூலையில் போய் உட்கார்ந்துவிட்டன.

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வேற ஏதோ வழியிலயும் வேல செய்யுது போல. பரவால்ல, அதையும் எழுதிடலாம். வெள்ளிக்கிழம மதியம் அறிக்கை போகுது" என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இதைத் தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். மருந்து அவ்வளவு பலமானது, இல்லாதவங்களையே அடக்கிவிட்டது என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். மாத்திரை போட்ட பிறகு அவன் யோசிப்பதற்கு நேரம் ஆகும், பக்கத்தில் இருப்பவர் பொறுத்திருக்க வேண்டும்.

"அக்கா, பூட்டே இல்லாத கதவுல சாவியக் காட்டுன. கதவு அசஞ்சுது. அதுக்கு சாவி நல்ல சாவின்னா அர்த்தம்?"

"பின்ன என்னடா?"

"வேற யாரோ பின்னாடிலேர்ந்து தள்ளியிருக்காங்கன்னு அர்த்தம்."

அவன் சொல்லி முடிக்கவும், பின்வாசல் கூடையிலிருந்து மேனேஜர் எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, இறங்கி நடந்தது. கூடையில் என் கோட்டு இருந்தது. மடிப்பின் நடுவில் பூனை அளவுக்கு ஒரு குழி. நான் போய் அதை எடுத்து முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. பத்தொன்பது வருடம் எலி மூத்திரத்தில் ஊறிய மூக்கு, அதற்கு என்ன தெரியும்?

"இது கூடையில மூத்திரம் போகுமாடா?"

"வந்த புதுசுல ரெண்டு தடவ போச்சு. கூடையக் கழுவிட்டேனே" என்றான்.

புதன்கிழமை காலையில் அவசரம் வருவதற்கு முன்பே போனேன். எந்தச் சோதனையிலும் சேராத, சீட்டில்லாத எலிகள் ஒரு கூண்டில் இருந்தன. முதலில் பெட்டியிலிருந்து ஒரு புதுப் பிளாஸ்டிக் அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு கூண்டைத் திறந்தேன். நாலும் ஓடி வந்து என் கையை முகர்ந்தன, ஒன்று மணிக்கட்டில் ஏறியது. மூடிவிட்டு, என் கோட்டின் கையை மட்டும் கூண்டின் ஓரத்தில் தொங்கவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நாலும் எதிர் மூலைக்குப் போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, காதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மூச்சு விடுகிறதா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு அசையாமல் நின்றன. பயத்தில் மரத்தூளில் புழுக்கை விழுந்தது. இந்தக் காட்சியை எட்டு வாரமாக நான் தினமும் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு 'அமைதி' என்று எழுதியிருக்கிறேன்.

மேடம் டீ குடிக்கும்போது சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இல்லாதவங்களுக்கு மூளையில்தான் ஏற்பி இல்லை. மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த நாளும் அடுத்த நாளும் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நீலம், மஞ்சள் ஏற்பாடு எனக்கும் அவசரத்துக்கும் மட்டுமே தெரியும். பூனை விஷயம் அவருக்கும் தெரியாது. மருந்து ஒருவேளை நல்ல மருந்தாகவே இருக்கலாம், முதல் சுற்றில் கொஞ்சம் வித்தியாசம் இருந்ததே. சொன்னால் அறிக்கை போகாது, முப்பது பேர் பட்டியல் நின்றுபோகும், தம்பியின் கை அப்படியே இருக்கும். அவசரம் இரண்டு தடவை மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனார், நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் சமையலறை மேசையில் தம்பியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று மறைக்க மாட்டேன். 'விடுக்கா, யாருக்குத் தெரியப் போகுது' என்று அவன் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அவன் வாயிலிருந்து அது வந்துவிட்டால் பாவத்தில் பாதியை அவன்மேல் இறக்கிவைத்துவிடலாம் என்று நினைத்தேன். பெரிய அக்கா, பெரிய தியாகி.

மேனேஜர் அவன் மடியில் இருந்தது. அவன் அதன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"அப்ப அந்த எலிங்க பயந்துபோய்த்தான் நின்னுச்சா?"

"ஆமா."

"நீ அமைதின்னு எழுதுன."

"ஆமாடா. அசையாம இருந்துச்சு, எழுதிட்டேன்."

நான் இன்னும் நல்ல பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"என்னையும் அப்படித்தாங்க்கா எழுதுறாங்க" என்றான்.

எனக்குப் புரியவில்லை. என்னடா சொல்ற என்றேன்.

"குரல் கொறஞ்சிருக்கு, இல்லைங்கல. ஆனா எப்ப திரும்ப வருமோன்னு உள்ள நடுங்கிட்டே இருக்கு. கைய அசைச்சா வந்துருமோ, எந்திரிச்சா வந்துருமோன்னு அப்படியே உக்காந்திருக்கேன். நீ டாக்டர்கிட்ட அமைதியா இருக்கான்னு சொல்ற. அவரு எழுதிக்கிறாரு."

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"என்கிட்ட யாரு கேட்டா?"

அவன் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவனுக்குப் பதிலாக நானே பேசியிருக்கிறேன். எலியிடம்தான் கேட்க முடியாது, இவனிடம் கேட்டிருக்கலாம்.

"அந்த மருந்து எனக்கு வேணுங்க்கா" என்றான் பிறகு. "ரொம்ப வேணும். ஆனா எலி பயந்து நின்னதப் பாத்துட்டு எனக்குக் குடுக்காதீங்க. நெசமா வேல செய்யுதான்னு பாத்துட்டுக் குடுங்க. ஒரு வருஷம் ஆகுமா?"

"ஆகும். கூடவும் ஆகலாம்."

"சரி" என்றான். பூனையை இறக்கிவிட்டுப் பின்னறைக்குப் போனான். நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை மேடத்தின் அறைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன். நிறம் பிரித்தது, பூனை, கோட்டு, புதன்கிழமை நான் பார்த்தது, அதற்குப் பின் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, பட்டியலில் பத்தொன்பதாவது பெயர் யாருடையது என்பது. ஒன்றையும் விடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டு எனக்குப் புதிதில்லை, ஆனால் கொடுத்துத்தான் பழக்கம். அவர் திட்டவில்லை.

"இல்லாதவங்க ஏன் நின்னுச்சுன்னு ஒரு வாரமா மண்டைய ஒடச்சுக்கிட்டேன். பதில் உங்க கோட்டுல இருந்திருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "மாத்தி மாத்தி எடுங்கன்னு நான் சும்மாவா சொன்னேன்? யார்கிட்ட என்ன இருக்கும்னு நமக்கே தெரியாதுங்கறதுக்காகத்தான் அந்த ஏற்பாடே" என்றார்.

"தப்புதான் மேடம்."

"வெளிய இருங்க. நான் யார் யாருக்குப் போன் பண்ணணும்னு யோசிக்கணும்."

வராந்தாவில் அவசரம் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நிறம் பிரித்ததை முழுக்க என்மேல் போட்டுக்கொண்டேன், உங்களுக்கு ஒன்றும் வராது என்றேன். அவர் என்னைக் கேட்காமலே கதவைத் திறந்து உள்ளே போய், "நானும்தான் மேடம் தலையாட்டுனேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். வாழ்க்கையில் அவர் அவசரப்பட்டதில் அது ஒன்றுதான் உருப்படி.

அறிக்கை போகவில்லை. முப்பது பேர் சோதனை தேதி சொல்லாமல் தள்ளிவைக்கப்பட்டது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, கூண்டு கழுவும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே நீராவியும் பிரஷ்ஷும்தான், எலி கிடையாது. அவசரமும் வேறு பிரிவிலிருந்து வந்த ஒரு பெண்ணும் நிறத்தை மாற்றி மாற்றி எடுத்துச் சோதனையை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். புழுக்கையை எண்ணி எழுத இப்போது தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. 'அமைதி' என்று எழுதுகிற கட்டத்தை மேடம் எடுத்துவிட்டார். எலி எங்கே நின்றது, காது எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். ஒருநாள் கழுவும் அறை வாசலில் நின்று, "வித்தியாசம் சின்னதாத்தான் வருது. ஆனா இல்லாதவங்க இந்தத் தடவ நல்லா ஓடுறாங்க. இன்னும் பாதிகூட முடியல, எதையும் நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நினைக்காமல் இருக்க முடியுமா? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்தேன்.

அடுத்த ஆறாவது வாரம் தம்பியை டாக்டரிடம் அழைத்துப் போனேன். பழைய நாற்காலிகள், பழைய மின்விசிறி. டாக்டருக்கு எதிரே அவன், அவனுக்குப் பக்கத்தில் நான். டாக்டர் கோப்பைத் திறந்து, தேதியைப் போட்டு, தலை நிமிராமல் என்னைக் கேட்டார்.

"எப்படி இருக்கார்? அமைதியா இருக்காரில்ல?"

கேட்டபடியே எழுதவும் தொடங்கிவிட்டார். பழக்கத்தில் என் நாக்கு பாதி தூரம் வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

"அவன்கிட்டயே கேளுங்க டாக்டர்."

டாக்டர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். தம்பியின் கைகள் முழங்கால்மேல் ஆடிக்கொண்டிருந்தன. அவன் யோசித்தான். வெளியே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள், யாரோ இருமினார்கள். ஒரு நிமிடம் பொறுக்கத் தெரியாதவள் என்று பேரெடுத்த நான் பொறுத்திருந்தேன். டாக்டரும் பேனாவைக் கோப்பின் மேல் வைத்துவிட்டார்.

"பயமா இருக்கு டாக்டர்" என்றான் தம்பி.

"எப்பலேர்ந்து?"

"நாலு வருஷமா."

டாக்டர் பேனாவை எடுத்து, அன்றைக்கு எழுதியிருந்த சொல்லை அடித்தார். பிறகு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.